அதே நம்பர் சிப்

"மூணு நாளா மண்டையை உடைச்சுக்கிறேன். எல்லா வயரையும் பார்த்துட்டேன். ஒரு லைட்டுகூட எரியல," என்றாள் டீச்சர். வகுப்புப் பிள்ளைகளுக்காக அவளே செய்த கம்ப்யூட்டர் மேசையில் ஊமையாகக் கிடந்தது. "நாளைக்குக் காட்ட முடியாதுன்னு ஹெட்மிஸ்ஸுக்கு லெட்டர் எழுதி வச்சுட்டேன்."

கணவர் மெதுவாக அருகில் வந்தார்.

"திட்டக்கூடாது. மேசையைத் துடைக்கும்போது ஒரு சிப்போட கால் ஒடிஞ்சிடுச்சு. டப்பாவுல அதே நம்பர்ல ஒண்ணு இருந்துச்சு. மாட்டிட்டேன்."

"ஐயோ! அது காலி சிப்புங்க. அதுல நான் இன்னும் ப்ரோகிராமே ஏத்தல!"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவளுக்கோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அப்போ என் வயரிங்ல தப்பே இல்ல! போன உசுரு திரும்பி வந்துச்சு!"

அந்தச் சிப்பில் ப்ரோகிராமை ஏற்றி மாட்டினாள். பத்தே நிமிடத்தில் லைட்டுகள் வரிசையாக எரிந்தன. கடிதத்தைக் கிழித்து அவர் கையில் திணித்தாள்.

"இதைக் குப்பையில போடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இந்த மேசையை மட்டும் இனிமே துடைக்காதீங்க!"