இறங்காத பாட்டு

“மூண்டு மாசமாய் ஒரே பாட்டு! கேக்கிற சனம் என்ன நினைக்கும், சொல்லு பாப்பம்!”

மிரியத்துக்குக் கோபம் வந்தால் நிப்பாட்ட ஏலாது. வட்டுக்கோட்டைப் பக்கத்துச் சின்னச் சேர்ச் ஒண்டின்ரை பாடகர் குழுத் தலைவி அவ. ஞாயிறு பாடுறதைப் பதிஞ்சு சேர்ச்சின்ரை இணையப் பக்கத்திலை போடுவினம். அதிலை பாட்டுக் கேக்க ஒரேயொரு பொத்தான். புதுப் பாட்டு ஏற, பழசு அழிஞ்சுபோகும்.

இப்ப எதை ஏத்தினாலும் ‘அனுமதி இல்லை’ எண்டு வருகுது.

அந்தப் பக்கத்தைச் செய்து குடுத்த பிறேம் லப்டொப்பைத் திறந்தான்.

“மகளுக்கு வாட்ஸப்பிலை அனுப்புங்கோவன் அன்ரி.”

“அனுப்பாமல் விட்டனானே? ஸ்ரெல்லாவுக்கு அது காணாதாம். ரொறன்ரோவிலை ஞாயிறு எழும்பி அந்தப் பொத்தானை அமத்தினால்தான் சேர்ச்சிலை என்ரை வாங்கிலை பக்கத்திலை இருக்கிறமாதிரியாம். அவளுக்கு இது நிறைமாசம். எனக்கு விசாவும் தரேல்லை. குரலாவது போகட்டுமெண்டால்...”

கண்ணைத் துடைச்சுப்போட்டு மிரியம் திரும்பவும் தொடங்கினா.

“முந்தியும் உந்தப் பிழை வாறதுதான். பாவம், செத்துப்போன கிருபைரட்ணம் அண்ணை, அவர் தனியப் பாடுற ஞாயிறு பார்த்துத்தான் வரும். லண்டனிலை அவற்றை மகன் காத்திருந்து ஏமாந்துபோவான்.”

பிறேம் ஏத்திப் பார்த்தான். அதே பிழை. இடம் இருக்கு, பாட்டின்ரை அளவும் சரி. பாட்டு இருக்கிற ஃபோல்டரைப் பார்த்தவன் நிமிர்ந்தான்.

“அன்ரி, இது பழுதில்லை. ஆரோ வேணுமெண்டே பூட்டியிருக்கினம். கேக்கலாம், மாத்த ஏலாது. என்னைவிட ஆரிட்டைப் பாஸ்வேட் இருக்கு?”

“தேவராசா அண்ணையிட்டைதான்! அவர்தானே பாட்டு ஏத்திறவர், ஏறேல்லை எண்டு சொல்லுறதும் அவர்தான். ஐயோ, இந்த மனுசனுக்கு என்னிலை என்ன கோபம்? கிருபைரட்ணம் அண்ணையோடையும் வேலிச் சண்டைக்குப் பிறகு சாகுமட்டும் கதைக்கேல்லை. கல்நெஞ்சுக்காரன்!”

கூப்பிட்டவுடனை தேவராசா வந்திட்டார்.

“ஏன் அண்ணை பூட்டினீங்கள்?” எண்டு பிறேம் கேட்டான்.

அவர் அந்தப் பொத்தானை அமத்தினார். கிருபைரட்ணத்தின்ரை குரல் கேட்டுது. செத்தவீட்டண்டு தேவராசாவே ஏத்தினது.

“புதுசு ஏறினால் இது அழிஞ்சுபோகுமே தம்பி.”

“கொப்பி எடுத்து வைக்கலாமே?”

“வீட்டிலை கிடக்கு, அவன்ரை எல்லாப் பாட்டும். பூட்டி வைச்சு நான் ஒருத்தன் கேக்கவே அவன் பாடினவன்? இதையாவது ஊரெல்லாம் கேக்கட்டும். இப்ப அவன்ரை குரல் இல்லாமல் எனக்கு ஞாயிறே விடியிறேல்லை.”

மிரியம் பிறேமின்ரை பக்கம் திரும்பினா. “பிறேம், உதைத் திறக்காதை. என்ரை பாட்டுக்கு வேறை பொத்தான் ஒண்டு போட்டுத் தா” எண்டா.

“இப்பவே போடுறன் அன்ரி. அண்ணை, முந்தி அவர் பாடேக்கை வந்த பிழையையும் ஒருக்காப் பார்க்கட்டே? இனியும் ஆருக்கும் வரக்கூடாது.”

தேவராசா பாட்டை நிப்பாட்டினார்.

“அப்ப ஒரு பிழையும் வரேல்லைத் தம்பி. அவன் இருக்குமட்டும் அவன்ரை பாட்டை நான் ஒருக்காலும் ஏத்திப் பார்த்ததேயில்லை.”