அரக்கனின் இடது சிறகு

தூரிகை மாமனாரின் கையில் நடுங்கியது.

மருமகள் பார்த்தும் பாராததுபோல அரக்கனை அவர் பக்கம் நகர்த்தினாள்.

கட்டைவிரல் உயரப் பொம்மை. மூன்று தலை, இரண்டு சிறகு. பழைய மாத்திரை டப்பாவின் மூடியில் ஒட்டி நிறுத்தியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவளுடைய சிநேகிதிகள் வருவார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி, விளையாட்டில் இவனைக் கொல்லப் பார்ப்பார்கள். அதற்குள் இவனுக்கு உடம்பெல்லாம் வண்ணம் ஏறியாக வேண்டும்.

அவருக்கு இதெல்லாம் பிடித்ததேயில்லை. நம் வீட்டு மருமகள் பொம்மைக்குச் சாயம் பூசுகிறாள் என்று நாலு பேர் பேசக் கூடாது. அறைக் கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னவரே அவர்தான்.

இன்று அவராகவே வந்து அந்தக் கதவைத் தட்டினார்.

நன்றி சொல்ல வந்தார். அந்தச் சொல் வாயில் வந்து பழக்கமில்லை. வாசற்படியிலேயே நின்றார்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

நேற்று அவருடைய மகளுக்கு நிச்சயதார்த்தம்.

மண்டபம் நிறைந்திருந்தது. தட்டு மாற்ற எழுந்தார். எதிரே மாப்பிள்ளையின் அப்பா கைநீட்டி நின்றார். தாம்பூலத் தட்டு அவர் கையில் ஆடியது. தேங்காய் சரிந்து விழுந்து, சபை நடுவே உருண்டு போனது.

"என் முழங்கை இடிச்சிருச்சுங்க. மன்னிச்சுக்கங்க."

மருமகளின் குரல். எல்லாருக்கும் கேட்கும்படி.

அவள் முழங்கை எதிலும் இடிக்கவில்லை. எட்டத்தான் நின்றிருந்தாள். அவருக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும்.

"படிச்ச புள்ளைன்னாங்க. ஒரு தட்டுக்குப் பக்கத்துல நிக்கத் தெரியல பாரு" என்றாள் மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒருத்தி. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அவர் முதுகு வளையாமல் நின்றார். வாயைத் திறக்கவில்லை.

இன்று காலை காபி வந்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. சில மாதங்களாகவே அவருக்கு அரை டம்ளர்தான் வருகிறது. இன்னும் வேண்டுமென்றால் மறுபடியும் அரை டம்ளர். கொடுக்கக் கை நீளாதவள் என்று மனைவியிடம் குறைபட்டிருக்கிறார்.

அரை டம்ளர் சிந்தாது.

காபி ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது மருமகள் அவரிடமிருந்து தூரிகையை வாங்கி வெள்ளையில் தொட்டாள். பழந்துணியில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். வண்ணம் இருக்கிறதா இல்லையா என்ற நிலையில் அவர் விரல்களுக்கிடையே திரும்ப வைத்தாள்.

"மேடான எடத்துல மட்டும் பட்டும் படாமத் தேய்ங்க மாமா. கையை மட்டும் நிறுத்தீராதீங்க. நின்னா திட்டுத் திட்டா அப்பிக்கும்."

தேய்த்தார். கை தன்பாட்டுக்கு ஆடியது. தடுக்கவில்லை.

இடது சிறகின் கறுப்பிலிருந்து எலும்புகள் ஒவ்வொன்றாக வெளுத்து எழுந்தன.

"என்னைவிட நல்லா வருது" என்றாள். முகத்துக்காகச் சொன்னதாகத் தெரியவில்லை.

அப்போது அவருடைய போன் அடித்தது. மாப்பிள்ளையின் அம்மா. அவர் கையில் தூரிகை இருந்ததால் மருமகளே ஸ்பீக்கரைப் போட்டு மேசைமேல் வைத்தாள்.

"நேத்து நடந்ததை நாங்க மனசுல வெச்சுக்கலீங்ண்ணா. சின்னப் புள்ள, தெரியாமப் பண்ணிருச்சு. ஆனா கல்யாணத்தன்னிக்கு உங்க மருமகளை மேடையை விட்டுக் கொஞ்சம் எட்டவே இருக்கச் சொல்லீருங்க. பெரியவங்க சங்கடப்படறாங்க, அதுக்குத்தான்."

மருமகள் இன்னொரு தூரிகையை எடுத்துக் கழுவத் தொடங்கினாள். சுத்தமாக இருந்த தூரிகை.

சரி என்றால் முடிந்துவிடும். பெண்ணைப் பெற்றவனுக்கு வியாதி என்று ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. சம்பந்தம் பத்திரம். அவர் தலை நிமிர்ந்தபடியே இருக்கும்.

அவர் தூரிகையை நிறுத்தவில்லை.

"எங்க வீட்டுப் புள்ளைக்குக் கை தவறாதுங்கம்மா" என்றார். "தேங்காயை உருட்டுனது நான். எனக்குக் கை நடுக்கம் இருக்குதுங்க. இவ எனக்காகப் பழியை ஏத்துக்கிட்டா."

தூரிகையைச் சிறகின் நுனிவரை கொண்டுபோனார்.

"மேடையில எம்பக்கத்துல இவதான் நிப்பா. தட்டை ரெண்டு பேருமாப் பிடிச்சுக்குவோம். உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட நான் சொன்னதாவே சொல்லுங்க."

"...கேட்டுட்டுச் சொல்றங்ண்ணா."

போன் அணைந்தது.



மருமகள் தலையைத் தூக்கவில்லை. கழுவிய தூரிகையையே நெடுநேரம் துடைத்தாள். பிறகு புறங்கையால் கண்ணை ஒற்றிக்கொண்டு, டப்பா மூடியை மெல்லத் திருப்பினாள்.

வலது சிறகு அவர் பக்கம் வந்தது.