ஒட்டுப்போட்ட வயர்

காரின் கதவுக்கு வெளியே இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. மிச்ச ஆள் ஸ்டீயரிங்குக்கு அடியில் இருந்தார்.

அவள் தன் போனில் டார்ச் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னுங் கொஞ்சம் உள்ள காட்டுங்கக்கா" என்றார் எலக்ட்ரீசியன் சபியுல்லா.

காட்டினாள். கருகிய வாடை. வயர்களின் தோல் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது.

கொஞ்ச நாளாகவே பேட்டரி செத்துச் செத்துப் பிழைத்தது. பியூஸ் மாற்ற மாற்ற எரிந்தது. இன்று நடுவழியில் டாஷ்போர்டிலிருந்து புகையே வந்துவிட்டது. கண்ணில் பட்ட முதல் கடையில் ஓரங்கட்டினாள்.

கணவரிடம் சொல்லவில்லை.

அவர் இந்நேரம் திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரி மேடையில் இருப்பார். பெண் விடுதலை பற்றிப் பேச இந்த வட்டாரத்தில் அவரை விட்டால் ஆளில்லை. வேறு ஆளைப் பேச விட்டதும் இல்லை.

இந்தக் காரே மேடையில் கிடைத்ததுதான். போன மகளிர் தினத்தன்று அவளை மேலே அழைத்துச் சாவியை நீட்டினார்.

"இது சாவி அல்ல. சிறகு."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

ஏழு வருடம் வேறு யாரோ பறந்து தீர்த்த சிறகு என்பதை மட்டும் மைக்கில் சொல்லவில்லை.

அதன்பிறகு எல்லாக் கூட்டத்திலும் ஒரு வரி சேர்ந்துகொண்டது. 'எங்கே போகிறாய் என்று என் மனைவியை ஒருநாளும் நான் கேட்டதில்லை.' அந்த இடத்தில் முன்வரிசைப் பெண்கள் எழுந்து நிற்பார்கள்.

அவளும் பறந்தாள்.

வியாழக்கிழமைகளில், மாயனூர் கதவணை வரை. வழியில் ஒரு தேங்காய் பன். ஆற்றைப் பார்க்கக் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பன்னைத் தின்பாள். அவ்வளவுதான். ஒரு கள்ளக்காதல்கூட இல்லை.

யாருக்கும் தெரியாது என்பதுதான் அதில் ருசி.

பாதிப் பன்னில் அவர் போன் வரும். என்னம்மா பண்ற என்பார். வீட்டுலதாங்க இருக்கேன் என்பாள். சரிம்மா என்பார்.

ஒருமுறை மழை கொட்டியது. என்ன சத்தம் என்றார். டி.வி. சீரியல் என்றாள்.

சரிம்மா.

இவ்வளவு நல்ல மனிதரிடம் பொய் சொல்கிறோமே என்று பன் கொஞ்சம் கசக்கும். ஆனாலும் தின்றுவிடுவாள்.

"இந்தக் கூத்தப் பாருங்கக்கா."

சபியுல்லா உள்ளேயிருந்து ஒரு கருப்புப் பெட்டியை இழுத்துக் காட்டினார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அதன் வயர்களைக் காரின் வயரோடு முறுக்கி, அரைகுறையாக டேப் சுற்றியிருந்தது. ஒரு பச்சை விளக்கு மினுங்கியது.

"எவனோ அவசரத்துல ஒட்டுப்போட்டிருக்கான். ஒட்டு விட்டுப்போய், உரசி உரசித்தான் இத்தனையும் கருகியிருக்கு. பேட்டரியக் குடிச்சதும் இதுதான்."

"என்னதுங்க இது?"

"வண்டி எங்க போவுது, எங்க நிக்குதுன்னு போன்ல காட்டிக் குடுக்கும். பழைய ஓனரு லோன்ல எடுத்திருப்பாரு. பைனான்ஸ்காரன் வெச்சுவிட்டிருப்பான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. முகம் தெரியாத ஒரு பைனான்ஸ்காரர் இத்தனை வியாழக்கிழமையும் அவளோடு ஆற்றங்கரையில் நின்றிருக்கிறார். பாவம், பன்தான் கிடைத்திருக்காது.

"வெட்டிரட்டுங்களா? உள்ள குட்டி பேட்டரி இருக்கு, வெட்டுனா அந்த நிமிசமே அவனுக்கு மெசேஜ் போயிரும். எங்க இருந்தாலும் பதறிட்டுப் போன் அடிப்பான் பாருங்க."

"அடிக்கட்டும். வெட்டுங்க."

கட்டிங் பிளேயர் டக்கென்றது.

பச்சை விளக்கு சிவப்பாயிற்று.

சபியுல்லா பெட்டியை சீட்டின் மேல் போட்டார். கருகிய வயர்களை நறுக்கி எடுத்தார். புது வயரின் முனையைப் பல்லில் வைத்துத் தோலை உரித்தார்.

அவள் கையில் டார்ச் அதிர்ந்தது.

போனைத் திருப்பினாள்.

அவர்.

மேடை ஏறிவிட்டால் அவர் போனைத் தொடமாட்டார். அது அவர் கொள்கை. கொள்கைகள் அவரிடம் நிறைய. அவள் அப்பா இறந்த செய்தியே நன்றியுரை முடிந்த பிறகுதான் அவரிடம் போய்ச் சேர்ந்தது.

எடுத்தாள்.

"வெளிச்சம் போச்சுங்கக்கா" என்றது ஸ்டீயரிங்குக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

போனுக்குள் மைக் சத்தம். ஒரு பெண் அவரை அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தாள். பெண்ணினத்தின் விடிவெள்ளி என்பது வரை வந்திருந்தாள்.

அவர் வாயைப் பொத்திக்கொண்டு பேசினார்.

"வண்டிக்கு என்ன ஆச்சு?"

யார் சொன்னது இவருக்கு?

சீட்டைப் பார்த்தாள்.

சிவப்பு விளக்கு.

 

ஆறு. மழை. டி.வி. சீரியல்.

சரிம்மா. சரிம்மா. சரிம்மா.

எங்கே போகிறாய் என்று கேட்டதே இல்லை. உண்மைதான்.

தின்ற பன்னெல்லாம் இப்போதுதான் முழுசாகக் கசந்தது.

"உன்னத்தான். வண்டிக்கு என்ன ஆச்சுன்னு கேக்குறேன்."

அவள் காரைப் பார்த்தாள். அறுந்த வயரைப் பார்த்தாள்.

"வண்டிங்களா?" என்றாள். "வீட்டுலதாங்க நிக்குது."



சரிம்மா என்று வரவில்லை. பொய் சொல்கிறாய் என்றும் வரவில்லை.

மைக்கில் அவர் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். கைதட்டினார்கள்.

அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

மறுபடியும் அழைத்தார்கள்.