கண்ணாடி அலுமாரிக்குள் வைன்

கனடாவின் வோபர்னில், இரத்தினவேலின் ஒன்பதாம் மாடி வீட்டு வரவேற்பறையில், மாலை வெய்யில் கண்ணாடி அலுமாரியைத் தாண்டி மேசைவரை வந்து கிடக்கிறது. மேசையில் மூன்று வைன் போத்தல்கள். ஒஸ்ரியா நாட்டில் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்யும் தம்பி குகனேசன், கனடாவுக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பியவை. அவன் வந்தபிறகு சேர்ந்து குடிக்கலாமென்று இரத்தினவேல் ஒன்றையும் திறக்கவில்லை; வீட்டுக்கு வருகிறவர்களின் கண்ணில் படும்படி, இவ்வளவு காலமும் அந்த அலுமாரிக்குள் பீங்கான் கோப்பைகளுக்கு நடுவே நிமிர்த்தி வைத்திருந்தார். விசா கிடைத்து இன்றுதான் தம்பி வந்திருக்கிறான்.

முதலில் திறந்த தொண்ணூற்றேழாம் ஆண்டு வைனில் பச்சை அப்பிளும் மிளகும் மணக்கின்றன. தொண்ணூற்றைந்து சப்பென்று நாக்கில் படிகிறது. தொண்ணூற்றொன்றின் தக்கை திறக்கும்போதே பொடிந்து உதிர்கிறது. கிளாசில் விழுவது ஆறிப்போன தேத்தண்ணியின் நிறம். குகனேசன் அதை மூக்கருகே கொண்டுபோய், குடிக்காமல் கீழே வைக்கிறான். “உது வைச்சுக் குடிக்கிற வைன் இல்லை அண்ணை. வெய்யிலும் படக்கூடாது.” “நீ வரட்டும் எண்டு வைச்சனான்,” என்கிறார் இரத்தினவேல். தம்பி மேசையில் உதிர்ந்த தக்கைத் துகள்களை விரலால் ஒன்றுசேர்க்கிறான். “இது நான் அங்க போய் முதன்முதல் பிடுங்கின பழம் அண்ணை. அதுதான் அனுப்பினனான்.” இரத்தினவேல் அந்தக் கிளாசைத் தன் பக்கம் இழுத்து, புளிப்பு தொண்டையை அறுக்க அறுக்க, அடிவரை குடிக்கிறார். தம்பி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

“நல்லா இருந்திருக்கும், தம்பி.”