தோளில் ஒரு கை

மின்விசிறியைப் போட மறுத்துவிட்டாள்.

போட்டால் மேசைமேல் கிடக்கும் ஆட்கள் எல்லாம் பறந்துவிடுவார்கள்.

தம்பி வேர்வை வழிய உட்கார்ந்திருந்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவள் முகத்தை ஒருமுறை பார்த்தான். அதற்குப் பிறகு மேசையைத்தான் பார்த்தான்.

பழைய குடும்பப் படங்களில் யாரையாவது வெட்டி எடுத்திருப்பார்கள். சொத்துக்குச் சண்டை போட்ட அண்ணன். ஆகாத மருமகன். ஓடிப்போன பெண். ஆளை வெட்டிவிடலாம். பக்கத்தில் இருப்பவர் தோளில் அவர் போட்ட கையை வெட்ட முடியாது. வெட்டினால் தோளும் சேர்ந்து போய்விடும்.

அதனால் கை மட்டும் தங்கிவிடும்.

பழைய பேப்பர் கடைகளில் அப்படிப்பட்ட படங்களாகப் பார்த்துப் பொறுக்குவாள். வேறு படங்களிலிருந்து வெட்டிய ஆட்களை அந்தக் கைகளோடு ஒட்டுவாள். இதுதான் அவள் வேலை. இதையும் கண்காட்சி வைத்து மாட்டினார்கள். பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்துத்தான் விசாரித்து வந்ததாகத் தம்பி சொன்னான்.

அம்மா போன வாரம் போய்விட்டாள் என்பதையும் அதே மூச்சில் சொன்னான்.

அவளுக்கு அழுகை வரவில்லை. எழுந்தாள். ஜன்னலைத் திறந்தாள். மூடினாள். பசைக் கிண்ணத்தை இடம் மாற்றி வைத்தாள். சொல்லிவிட ஓர் ஆள் கிடைக்கவில்லையா என்று கேட்க வாயெடுத்தாள். கேட்டால் அவன் பதில் சொல்லிவிடுவானோ என்று பயமாக இருந்தது.

கருமாதிக்கு மாலை போட ஒரு படம் வேண்டுமாம். ஆதார் அட்டையில் இருப்பது யாரோ மாதிரி இருக்கிறதாம். நல்லதாக இருப்பது இது ஒன்றுதானாம். அம்மாவின் பெட்டியில், புடவைகளுக்கு அடியில் கிடந்ததாம். ஸ்டூடியோக்காரன் கம்ப்யூட்டரில் சரிசெய்கிறேன் பேர்வழி என்று அம்மா முகத்தைப் பொம்மை முகமாக்கிவிட்டானாம்.

பையிலிருந்து எடுத்து நீட்டினான்.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். புள்ளி போட்ட சுங்குடிப் புடவை. அவளுக்குப் பின்னால் நின்ற ஆளைக் காணோம். அந்த இடம் கத்தரித்துக் கிடந்தது.

வலது தோளில் ஒரு கை.

"இந்தக் கைய மட்டும் எடுத்துரணும். வர்றவங்க யாரு கைன்னு கேப்பாங்க."

அவளுடைய கை.

பிடித்தவனைக் கட்டிக்கொண்டு அவள் வீட்டைவிட்டுப் போன மறுநாள் அப்பா கத்தரிக்கோலை எடுத்தார். அது ஊரார் சொல்லித் தெரியும். கை தங்கியது தெரியாது. மணிக்கட்டு வரைக்கும் வந்த கத்தரிக்கோல் அங்கே வளைந்து திரும்பியிருந்தது. அத்தனை கோபத்திலும் அம்மாவின் தோளில் ஒரு கீறல் இல்லை.

படம் எடுத்த நாளில் அம்மா உதட்டை அசைக்காமல் முணுமுணுத்தாள். புது ஜாக்கெட், வேர்வை பட்டால் கறையாகும், கையை எடு என்றாள்.

அவள் எடுக்கவில்லை. இன்னும் அழுத்திப் பிடித்தாள். விரலுக்கடியில் ஜாக்கெட் சுருங்கியிருந்தது படத்தில் தெரிந்தது.

தம்பி அப்போது சின்னப் பையன். யார் கை என்று தெரியாமல் கேட்கிறானா, தெரிந்தே கேட்கிறானா? நிமிர்ந்து பார்த்தாள். அவன் குனிந்து சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

புது பிளேடு ஒன்றைப் பிரித்தாள்.

சுண்டுவிரலில் தொடங்கிச் சுரண்டிவிடலாம். அரை மணி நேர வேலை. பிளேடை வைத்தாள். எடுத்தாள். தண்ணீர் குடித்தாள். மறுபடியும் வைத்தாள்.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். சுண்டுவிரலில் வைத்த பிளேடு அங்கேயே நின்றது. ஊரார் வீட்டுப் படங்களில் ஒருநாளும் நிற்காத பிளேடு.

முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிடலாம். கொடுத்தால் வேறு யாராவது எடுத்துவிடுவார்கள்.

பிளேடைத் தூரமாக வைத்தாள்.

அட்டைப் பெட்டியைத் தரையில் கவிழ்த்தாள். மணமக்கள், போலீஸ்காரர்கள், மொட்டைத் தலைக் குழந்தைகள். கிளறினாள். இல்லை. இன்னொரு பெட்டி. அதன் அடியில் ஒருத்தி, சுங்குடிப் புடவையில், தனியாக நின்றாள். யார் பெற்ற பெண்ணோ. நன்றாக இருக்கிறாள் என்று இத்தனை நாள் வெட்டாமல் வைத்திருந்த படம்.

அவளுடைய முந்தானையை வெட்டினாள்.

பழுப்பு பழுப்போடு சேர்ந்தது. புள்ளி புள்ளியோடு சேரத்தான் நேரமானது. பசை தொட்டு, அம்மாவின் முதுகைச் சுற்றி வருவதுபோல் இழுத்து, வலது தோளை மூடிப் போர்த்தினாள்.

கையையும் சேர்த்து.

துணியை வைத்து ஒற்றினாள். ஓரங்களை நகத்தால் அழுத்தினாள். அம்மா குளிருக்கு இழுத்துப் போர்த்திக்கொண்டவள்போல் உட்கார்ந்திருந்தாள். ஒரு தோள் மட்டும் கொஞ்சம் உயரமாகத் தெரிந்தது. கேட்கிறவர்கள் கேட்கட்டும்.

தம்பி வாங்கிப் பார்த்தான். ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தான். கட்டைவிரலால் அம்மாவின் தோளைத் தடவினான். ஒட்டிய விளிம்பில் விரல் நின்றது.

அவள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்தாயா, மூடினாயா என்று கேட்பான் என்று நினைத்தாள்.

அவன் வேறு ஒன்று கேட்டான். மாலையின் ஈரம் பட்டால் இது உரிந்து வந்துவிடுமா?

வந்துவிடும் என்றாள்.

அவன் படத்தைக் கீழே வைக்கவில்லை. விரலையும் அந்த இடத்திலிருந்து எடுக்கவில்லை.

"அப்ப கண்ணாடி போட்டுர்றேன்க்கா."