சிறு காயம்

தண்டபாணி அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். திரையை எட்டிப் பார்த்தார்.

"சிறு காயமெல்லாம் குப்பைங்க அம்மிணி. உள்ள வராம வடிகட்டிருங்க."

தலையாட்டினாள்.

மில்லின் பழைய கணினிகளில் சிதறிக் கிடந்த விபத்துப் பதிவுகளை ஒரே தரவுக் கிடங்கில் கொண்டுவந்து சேர்ப்பது அவள் வேலை. வேண்டாதவற்றை வாசலிலேயே தடுக்க ஒரு விதி எழுத வேண்டும். வகை 'சிறு காயம்' என்றிருந்தால் தள்ளிவிடு. ஒற்றை வரி.

எழுதினாள்.

அவருக்குத் திருப்தி. நூல் வாங்க வந்திருந்த வெளிநாட்டுக்காரர்களை வரவேற்கப் போய்விட்டார். மில்லில் பாதுகாப்பு எப்படி என்று பார்த்த பிறகுதான் அவர்கள் கையெழுத்துப் போடுவார்கள்.

இன்று அவர் பொது மேலாளர். அன்று ஷிப்ட் மேஸ்திரி. யாருடைய காயம் சிறியது, யாருடையது பெரியது என்று குறித்தவர் அவர்தான்.

அவள் அம்மாவுக்கும் அவர்தான் குறித்தார்.

கட்டு அவிழ்த்த பிறகு அம்மா இடது கையால் சாப்பிடப் பழகினாள். பந்தியில் பக்கத்து இலைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அதோடு கல்யாண வீடுகளுக்குப் போவதை விட்டாள். இவள் கல்யாணத்தன்றுகூடச் சமையல்கட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிட்டாள்.

தன் கம்பெனிக்கு இந்த மில்லின் வேலை வந்திருக்கிறது என்றதும் மகள் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

விதியை மறுபடி திறந்தாள். ஒரே ஒரு குறியை மாற்றினாள்.

இனி சிறு காயங்கள் மட்டும்தான் உள்ளே வரும்.

கூட்ட அறையில், வெளிநாட்டுக்காரர்கள் முன்னால், பெரிய திரையில் அந்தப் பதிவுகள் வந்து நின்றன. தண்டபாணி அவளைப் பார்த்தார். அவள் திரையைப் பார்த்தாள்.

வந்திருந்த வெளிநாட்டுப் பெண்மணி இவையெல்லாம் என்ன என்று விசாரித்தார். ஏதோ கோளாறு என்றார் தண்டபாணி. பரவாயில்லை, படித்துக் காட்டுங்கள் என்றார் அந்தப் பெண்மணி.

எல்லாம் தமிழில் இருந்தன. தண்டபாணியே படிக்க வேண்டியதாயிற்று. மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் சொன்னார்.

பாதம் நசுங்கியது. சிறு காயம்.

கூந்தல் சிக்கி உச்சந்தலைத் தோல் உரிந்தது. சிறு காயம்.

தண்டபாணியின் காலர் வியர்வையில் நனைந்தது.

அவள் காத்திருந்தாள்.

பூவாத்தாள். கார்டிங் பிரிவு. வலது கை, நான்கு விரல்கள் துண்டிப்பு. சிறு காயம்.

படித்தார்.

ஒரு வாய் தண்ணீர் குடித்தார். அடுத்த வரிக்குப் போனார்.

முகத்தில் ஒன்றுமில்லை. மறந்ததுபோல் நடிக்கவில்லை. அம்மாவின் பெயர் அவருக்கு உண்மையாகவே நினைவில்லை.

அவள் எழுந்தாள்.

"அத இன்னொருக்கா படிங்க சார்."

படித்தார்.

"இன்னொருக்கா."