சுட்ட கல்

"கல்லு சுட்டாச்சா பாப்பா?"

பஸ்ஸிலிருந்து ஒரு காலைத்தான் கீழே வைத்திருந்தேன். தூறலில், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல், ரோட்டோரம் பேச்சியம்மா அத்தை நின்றுகொண்டிருந்தாள். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையில் அடுத்த வீடு. கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்த கையோடு ஓடி வந்திருக்கிறாள்.

கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கல் அதற்குள், ஒரு தீப்பெட்டியில், பஞ்சில் இருந்தது. அதைக் கல் என்று சொல்லலாம் என்றால்.

ஏப்ரல் லீவில் நான் வந்தபோது அத்தை தந்தாள். மழை கழுவிவிட்ட வடிகானில் கிடைத்ததாம். பெரிய புளியங்கொட்டை அளவு, பால் கலந்த மாதிரி மங்கல் நிறம். இங்கே கெவுடா என்பார்கள். பக்குவமாகச் சுட்டால் நீலக்கல் ஆகிவிடும். கெம்பஸில் நான் கற்களை உலையில் வைத்து ஆராய்ச்சி செய்வதை அம்மா லயம் முழுக்கப் பறைசாற்றியிருந்தாள். அதை நம்பித்தான் அத்தை கேட்டாள்.

"வெளிய குடுத்தா கல்ல மாத்திருவாங்களோன்னு பயமா இருக்கு. நீன்னா நம்பலாம். சுட்டுக் குடு பாப்பா. நீலமாயிருச்சுன்னா சர்மிளாவ குவைத்துல இருந்து கூட்டியாந்துருவேன். வீட்டு வேலைக்குப் போன பிள்ள, மூணு வருஷமா மொகமே பாக்கல."

சரி என்றேன். சுட்டேன். அதில் பொய் இல்லை.

எங்கள் ஆய்வுகூடத்தில் சுடுவது வேறு மாதிரி. கல்லைக் குட்டிச் செங்கல் போல அறுத்து, இரண்டு மெல்லிய தண்டுகளுக்கு நடுவே நிறுத்தி அதிர வைப்போம். அது ஓர் ஒலி தரும். சூடு ஏற ஏறக் கல் இளகும், ஒலி இறங்கும். எந்தச் சூட்டில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துக் கல்லின் மீள்தன்மையைக் கணக்கிடுவோம். பிளவுள்ள கல் உதவாது. என்னிடமிருந்த ஐந்துமே பிளவு. இந்த வருஷத்தோடு முடிக்காவிட்டால் பட்டமே இல்லை என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

அத்தையின் கல்லில் மயிரிழைப் பிளவுகூட இல்லை.

அறுத்தேன். நான்கு மில்லிமீற்றர் கட்டை ஒன்று மிஞ்சியது. மீதியெல்லாம் சாணையில் தூளாகித் தண்ணீரோடு போனது. ஆயிரத்து ஐந்நூறு பாகை வரைக்கும் சனியன் அவ்வளவு அழகாகப் பாடியது. ஆறவிட்டதும் பழைய ஒலிக்கே திரும்பியது. கைதட்டிக் குதித்தேன்.

உலையைத் திறந்த பிறகுதான் பார்த்தேன். நீலம். அம்மாடி, அப்படியொரு நீலம்.

முழுசாகச் சுட்டிருந்தால் சர்மிளா இந்நேரம் விமானத்தில் இருந்திருப்பாள்.

ரோட்டோரத் தூறலில் தீப்பெட்டியைத் திறந்து நீட்டினேன். அத்தை எட்டிப் பார்த்தாள். பஞ்சை விலக்கிப் பார்த்தாள். பெட்டியைக் கவிழ்த்தும் பார்த்தாள்.

"மீதி எங்க பாப்பா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். "எங்க கெம்பஸ்ல சுடுறதுன்னா அறுத்துத்தான் சுடுவாங்க அத்த. நீங்க சொன்னத நான் வேற மாதிரி வெளங்கிக்கிட்டேன்."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. நடிப்பில்லை, நிஜ அழுகைதான். அதுவும் எனக்கு வசதியாகப் போயிற்று.

கொழுந்துக் கறை படிந்த விரல்களால் அந்தத் துண்டை எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் கோணியது. பிறகு அதைத் தீப்பெட்டிக்குள் வைத்து, மூடி, என் கையிலேயே திணித்தாள்.

"அழுவாத. சுடுறதுன்னா முழுசா சுடுறதுங்கிற நம்ம பஜார் பேச்சு படிக்கிற பிள்ளைக்கு எப்பிடித் தெரியும்? ஒனக்காவது ஒதவுச்சே. சர்மிளாகிட்ட கல்லு தானா வெடிச்சிருச்சுன்னு சொல்லிக்கிறேன். ஓம் பேர் வேணாம்."

எப்படித் தெரியும்?

என் அப்பா வியாகுலம், சாகும்வரை பஜாரில் மக்பூல் முதலாளியின் கல் சுடும் உலைக்கு ஊதியவர். பள்ளிக்கூடம் விட்டதும் அவருக்குச் சோறு கொண்டுபோவேன். முழுக் கல் வெள்ளையாக உள்ளே போய் நீலமாக வெளியே வருவதைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குத் திரும்புவேன்.

அம்மா கொழுந்து மலையிலிருந்து வரப் பிந்தும் நாட்களில் அந்தச் சோற்றைக் கட்டிக் கொடுத்து, "கல்லு சுடுறத வேடிக்க பாத்துட்டு நிக்காம வா" என்று என்னை அனுப்பியவள், பேச்சியம்மா அத்தை.